அளவெடுக்காத சுவர்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இரு பக்கமும் பழைய கிட்டங்கிகள். மலையாளத்தில் பாண்டிகசாலை என்பார்கள். மிளகும் சுக்கும் அரிசியும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கிய இடங்கள். காயல் பக்கம் இருப்பவற்றின் பின்கதவைத் திறந்தால் நேரே தண்ணீர். அந்தக் காலத்தில் வள்ளம் அங்கேயே வந்து ஒட்டி நிற்கும். இன்று அவற்றில் சில, கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைவிழா நடக்கும் மாதங்களில் கலைக்கூடங்களாகிவிடுகின்றன. ஆனந்த் வேர்ஹவுஸ், டி.கே.எம். வேர்ஹவுஸ் என்று கலை ரசிகர்கள் சொல்லும் பெயர்களெல்லாம் சரக்கு வைத்த கிட்டங்கிகளின் பெயர்கள்தான்.

கிட்டங்கி தானாகக் கலைக்கூடம் ஆகிவிடாது. ஓட்டுக்கூரை ஒழுகாமல் பார்க்க வேண்டும். தரையைச் சமன் செய்ய வேண்டும். பிளைவுட் அடித்து, பட்டி பார்த்து, வெள்ளை பூசிச் சுவர் எழுப்ப வேண்டும். மின்கம்பி இழுக்க வேண்டும். பந்தல், மேடை, கழிப்பறை, சாய்வுதளம் எல்லாம் வேண்டும். திறப்பு நாள் அழைப்பிதழில் அச்சாகிவிட்டதால் கடைசி இரண்டு வாரம் இரவு பகலாக வேலை நடக்கும். விழா முடிந்ததும் அத்தனையும் கழற்றப்படும்.

நான்காவது பினாலே 2018 டிசம்பர் 12 முதல் 2019 மார்ச் 29 வரை, 108 நாள் நடந்தது. அதைத் தொகுத்தவர் கலைஞர் அனிதா துபே. அவர் வைத்த தலைப்பு, அந்நியப்படாத வாழ்வுக்கான சாத்தியங்கள் என்ற பொருள்பட அமைந்தது. உழைப்பவன் தன் உழைப்பிலிருந்தே விலக்கப்படுகிறான் என்ற மார்க்சின் சிந்தனையை நினைவூட்டும் சொல். விழா முடியும் தறுவாயில், கட்டுமான வேலை செய்த ஒப்பந்தத் தரப்பு தனக்குப் பெருந்தொகை பாக்கி என்று பொதுவெளியில் புகார் சொன்னது. பெயர் வெளியிடாத சிலர் இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கி, ஊழியர்களுக்கும் வேலை எடுத்தவர்களுக்கும் பணம் வரவில்லை என்று எழுதினார்கள். விழாவை நடத்தும் கொச்சி பினாலே அறக்கட்டளை புகாரை மறுத்தது. கேட்கப்படும் தொகை நடந்த வேலைக்கு மிஞ்சியது என்பது அதன் வாதம். செய்தி இந்தியப் பத்திரிகைகளோடு நிற்காமல் அயல்நாட்டுக் கலை இதழ்களுக்கும் போனது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை முற்படவில்லை. என் அக்கறை அந்தச் சண்டையின் வடிவத்தில் இருக்கிறது. ஒருவர் ‘இவ்வளவு வேலை செய்தேன்’ என்கிறார். மற்றவர் ‘அவ்வளவு செய்யவில்லை’ என்கிறார். நடந்த வேலையோ பிளைவுட் சுவர். அதைக் கழற்றிவிட்டால் அளவெடுக்க எதுவும் மிஞ்சாது. பாலமோ பள்ளிக்கூடமோ கட்டியிருந்தால் பத்து வருடம் கழித்தும் டேப்பைப் பிடித்து அளக்கலாம். தற்காலிகக் கட்டுமானத்தில் சாட்சியே குப்பை லாரியில் ஏறிப் போகிறது. அது மட்டுமா? வேலை எடுத்தவரின் பேரம் பேசும் பலம் திறப்பு நாளுக்கு முந்தைய இரவு உச்சத்தில் இருக்கிறது. மறுநாள் காலை ரிப்பன் வெட்டியதும் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அதன்பின் பணம் கொடுப்பவர் கையில்தான் எல்லாம்.

பணத்தைப் பிடித்து வைப்பது கட்டடத் தொழிலில் புதிதல்ல, குற்றமும் அல்ல. ஒவ்வொரு பார்ட் பில்லிலும் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை பிடித்துக்கொண்டு, வேலை முடிந்து குறை தீர்க்கும் காலம் கழிந்ததும் திருப்பித் தருவது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் 1840களின் ரயில்பாதை மோகத்தில், அனுபவமில்லாத ஒப்பந்ததாரர்கள் பாதியில் ஓடிப்போனபோது இந்த ஏற்பாடு வேரூன்றியதாகச் சொல்வார்கள். நம் ஊரில் வீடு கட்டும் சாதாரண மனிதரும் இதைச் செய்கிறார். ‘பெயிண்ட் வேலை முடியட்டும், மிச்சத்தைத் தருகிறேன்’ என்று மேஸ்திரியிடம் சொல்லாத வீட்டுக்காரர் உண்டா? மொத்தத்தையும் கொடுத்துவிட்டால் மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விடுவார், கழிப்பறைக் கதவு கோணலாகவே நிற்கும் என்ற பயம் நியாயமானதுதான்.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு பிடிப்பது, எதற்காக, என்று திருப்புவது என்பது வேலை தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருந்தால் அது பிணைத்தொகை. வேலை முடிந்தபின் ஒருவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தால் அதற்குப் பெயர் கடன். கடன் கொடுப்பவரைக் கேட்காமல், வட்டி பேசாமல், தவணை சொல்லாமல் வாங்கிய கடன்.

அந்தக் கடனின் விலையை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் செலவின் மேல், ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து 15 சதவீதம் வைத்திருக்கிறார்கள். 20 லட்ச ரூபாய் பில்லில் அது ஏறக்குறைய 2.6 லட்சம். மீதி 17.4 லட்சம் சிமெண்ட், கம்பி, கூலி என்று ஏற்கெனவே கைவிட்டுப் போன பணம். அந்தப் பணத்தை இரண்டு ரூபா வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு, வெளியில் புரட்டியிருந்தால் மாத வட்டி 34,800 ரூபாய். ஏழரை மாதத்தில் 2.6 லட்சமும் கரைந்துவிடும். எட்டாவது மாதத்திலிருந்து அவர் கைக்காசு போட்டு அடுத்தவருக்குக் கட்டிக்கொடுத்தவராகிறார். சிறு ஒப்பந்ததாரர்கள் நொடிப்பது பெரும்பாலும் வேலையே இல்லாததால் அல்ல. முடித்த வேலைக்குப் பணம் வராததால்தான்.

நம் சட்டம் இதைப் பார்த்த விதம் சுவாரசியமானது, கொஞ்சம் முன்னும் பின்னும் போனது. 1974இல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான கோட்டைப் போட்டது. மத்திய அரசு ஒரு ஒப்பந்தத்தில் தனக்கு நஷ்டம் என்று சொல்லி, அதே நிறுவனத்துக்கு வேறு ஒப்பந்தங்களில் தர வேண்டிய பணத்தில் கைவைக்கப் பார்த்தது. நஷ்டஈடு கேட்பதாலேயே அது ‘வரவேண்டிய தொகை’ ஆகிவிடாது. நீதிமன்றமோ நடுவரோ தீர்மானித்த பிறகே அது கடனாகும் என்றது தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி பி.என். பகவதி. ஒன்பது வருடம் கழித்து, 1983இல், கமாலுதீன் அன்சாரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. ஒப்பந்தத்தின் பொது நிபந்தனையில் அரசு பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதியிருந்தால், நிறுத்தி வைப்பதை நீதிமன்றம் தடுக்காது என்றானது. ஆக எல்லாம் நிபந்தனை வாசகத்தைப் பொறுத்தது. நிபந்தனையை அச்சடிப்பவர் யார்? பணம் கொடுப்பவர். கையெழுத்துப் போடுபவருக்கு அதில் காற்புள்ளி மாற்றும் உரிமைகூட இல்லை.

முறையான ஒப்பந்தமே இல்லாமல் வேலை செய்தவருக்கு, வினோதமாக, சட்டம் சற்றுக் கருணை காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வங்காளத்தின் ஆராம்பாக்கில் உணவு வழங்கல் துறைக்காக ஒரு நிறுவனம் கிடங்குகள் கட்டியது, மண்பாதை போட்டது. அதிகாரிகள் சொன்னதை நம்பிச் செய்த வேலை. பில் வந்ததும், முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பி.கே. மண்டல் வழக்கு என்று சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவைக் காட்டி, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் ஏற்று அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆனால் ஈடு என்றால் எவ்வளவு? மறுபடியும் அளவு. கட்டியது எவ்வளவு நீளம், எத்தனை கன அடி என்பதற்குச் சாட்சி வேண்டும்.

பொதுப்பணித் துறையில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு: எம்-புக் என்கிற அளவுப் புத்தகம். பக்க எண் அச்சிட்டது, கிழிக்கக் கூடாது. அடித்தல் திருத்தல் இருந்தால் கையொப்பம் வேண்டும். அஸ்திவாரத்தை மூடும் முன், கம்பியின் மேல் கான்கிரீட் கொட்டும் முன், மறையப்போகும் ஒவ்வொன்றையும் அளந்து எழுத வேண்டும். ஊழல் அந்தப் புத்தகத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது, அது வேறு கதை. ஆனால் அதன் பின்னாலுள்ள அறிவு பழையது, நல்லது: மறையப்போவதை மறையும் முன் இரு தரப்பும் சேர்ந்து அள. பிளைவுட் சுவர், பந்தல், மேடை எல்லாமே மறையப்போகும் வேலைதான். விழாக் கட்டுமானம் செய்யும் எத்தனை பேர் திறப்புக்கு முன்னால் இரு தரப்பும் கையெழுத்திட்ட அளவு எழுதுகிறார்கள்? திருமணப் பந்தல்காரர்கூட நாற்காலியை எண்ணி ஒப்படைத்து, எண்ணி வாங்கிக்கொள்கிறார்.

பணத்தை எளிதில் கொடுக்கக் கூடாது என்பவர்கள் கொச்சியிலேயே இன்னொரு கதையைச் சொல்வார்கள். அது பாலாரிவட்டம் மேம்பாலம். கேரள சாலை மற்றும் பாலங்கள் மேம்பாட்டுக் கழகத்துக்காகச் சுமார் 40 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்றாண்டு முடியும் முன்னே, 2019 மே மாதம் மூட வேண்டி வந்தது. ஆராய்ந்த சென்னை ஐஐடி விரிசல்களைக் கண்டது. பாலம் கட்டும்போது பொதுப்பணித் துறைச் செயலாளராக இருந்தவர் 2019இலும், அப்போதைய அமைச்சர் வி.கே. இப்ராஹிம் குஞ்ஞு 2020 நவம்பரிலும் கைதானார்கள். இந்தக் கட்டுரைக்குப் பொருந்தும் விவரம் ஒன்று அந்த வழக்கில் உண்டு. டெண்டர் நிபந்தனையில் இடமே இல்லாதபோது ஒப்பந்த நிறுவனத்துக்கு 8.25 கோடி ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வேலை தொடங்க ஆள், இயந்திரம் திரட்டுவதற்கான மொபிலைசேஷன் அட்வான்ஸ் அது.

ஆக, ஒரே நகரத்தில் ஒரு பக்கம் வேலை முடிந்தும் பணம் வரவில்லை என்ற புகார். மறுபக்கம் வேலை தொடங்கும் முன்பே பணம் போய்விட்டது என்ற வழக்கு. முதலாவதைப் பார்ப்பவர் ‘உடனே கொடு’ என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் ‘கெட்டியாகப் பிடி’ என்பார். இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் வேலையின் அளவோடு சேர்ந்து நகரவில்லை. ஓரிடத்தில் முந்தியது, மற்றதில், புகார் உண்மையானால், பிந்தியது.

பாலாரிவட்டத்தின் இரண்டாம் பாகம் பலர் கவனிக்காமல் விட்டது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த பிறகு, பொறியாளர் இ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் பாலத்தின் மேற்பகுதியை இடித்துத் திரும்பக் கட்டியது. வேலை எடுத்தது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். 2021 மார்ச் 7 அன்று பாலம் மீண்டும் திறந்தது. ஆறு மாதத்துக்கும் குறைவு. இந்த வேகத்துக்கு ஸ்ரீதரனின் கண்டிப்பை எல்லோரும் காரணமாகச் சொன்னார்கள். அது சரிதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. கொச்சியில் முன்பு கட்டிய மேம்பாலங்களில் மிச்சம் பிடித்த 17.4 கோடி ரூபாய் டெல்லி மெட்ரோவின் வங்கிக் கணக்கிலேயே கிடந்தது. அரசிடம் உடனே கைநீட்ட வேண்டாம் என்று ஸ்ரீதரனே சொன்னார். பில்லைக் கொண்டு கருவூலத்தின் வாசலில் நிற்க வேண்டியிராத வேலை அது.

கருவூல வாசல் என்பது கேரளத்தில் ஒப்பந்ததாரர்களின் தனித் துயரம். பணமுடை வரும்போதெல்லாம் நிதித்துறை ஒரு வரம்பை அறிவிக்கும். அந்தத் தொகைக்கு மேற்பட்ட பில்கள் தனி அனுமதிக்குக் காத்திருக்கும். 2023 ஆகஸ்டில் அந்த வரம்பு 10 லட்சத்திலிருந்து 5 லட்சமாக இறங்கியது. 5 லட்ச ரூபாய்க்கு இன்று ஒரு பஞ்சாயத்துச் சாலைகூட முழுசாகப் போட முடியாது. இதற்கு மாற்றாக பில் டிஸ்கவுண்டிங் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஒப்பந்ததாரர் தன் பில்லை வங்கியில் காட்டிப் பணம் எடுத்துக்கொள்ளலாம். அரசு பிறகு வங்கிக்குக் கட்டும். வட்டிச் சுமையில் ஒரு பங்கு ஒப்பந்ததாரர் தலையில். அதாவது, வர வேண்டிய தன் பணத்துக்குத் தானே வட்டி கட்டுவது.

மத்திய அரசு 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதலில் இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. பில் வந்த 10 வேலை நாளுக்குள் தகுதியான தொகையில் 75 சதவீதத்தைக் கொடுத்துவிடு. மீதியைச் சரிபார்த்து 28 வேலை நாளுக்குள் கொடு. சச்சரவு கால்பங்கைப் பற்றி நடக்கட்டும், முக்கால்பங்கு நகரட்டும் என்ற எண்ணம். எனக்கு இதில் பிடித்தது அந்த எளிமை. சரிபார்ப்பதற்காக முழுத் தொகையையும் நிறுத்த வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் இது மாநிலங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. விழா நடத்தும் அறக்கட்டளையையும் வீடு கட்டும் முதலாளியையும் தொடுவதே இல்லை.

பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் அரசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரளமே ஒரு விசித்திரமான உதாரணம் தந்திருக்கிறது. கல்லடா நீர்ப்பாசனத் திட்டம் உள்ளிட்ட வேலைகளில் ஒப்பந்ததாரர்கள் நடுவர் மன்றங்களுக்குப் போய்ப் பெரிய தொகைகளை வென்றார்கள். அதிகாரிகளும் நடுவர்களும் ஒப்பந்ததாரர்களோடு கைகோத்துக் கருவூலத்தைச் சூறையாடுகிறார்கள் என்றது அரசு. சில தீர்ப்புகளில் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருந்திருக்கலாம். அதற்கு அரசு கண்ட மருந்துதான் திகைக்க வைக்கிறது. 1998இல் சட்டமன்றத்தில் ஒரு சட்டமே கொண்டுவந்து, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களிலுள்ள நடுவர் விதியை ரத்து செய்தது. முடிந்துபோன தீர்ப்புகளைத் திறக்கவும் வழிசெய்தது. ஆட்டத்தில் தோற்றவர் ஆட்ட விதியையே மாற்றியதுபோல. கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2022 மே மாதம், ஜேம்ஸ் வர்கீஸ் வழக்கில், உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று சொல்லிச் செல்லாது என்றது. சட்டம் பிறந்து 24 வருடம். அதற்குள் எத்தனை ஒப்பந்ததாரர்கள் தொழிலை விட்டிருப்பார்கள், எத்தனை பேர் வாரிசுகளிடம் வழக்குக் கட்டை ஒப்படைத்திருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

காலம் பணம் கொடுக்காதவருக்குத்தான் துணை. இதைச் சொல்ல இன்னொரு கேரள வழக்கும் உண்டு. கட்டுமானம் அல்ல, டயர். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு டயர் புதுப்பிக்கும் ரப்பர் கொடுத்த சிறு நிறுவனங்களுக்கு 90 சதவீதம் கிடைத்தது. மீதி 10 சதவீதம் சரக்கு எப்படி உழைக்கிறது என்று பார்த்துத் தருவதாக ஏற்பாடு. அது வராததால் குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மன்றத்துக்குப் போனார்கள். அந்தச் சட்டம் பார்க்கக் கடுமையானது. 45 நாளுக்கு மேல் தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. ஆனால் 2021 ஜூனில் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. காலவரம்புச் சட்டம் இங்கும் பொருந்தும். வாங்கியவர் எதிர்க்கோரிக்கையும் வைக்கலாம். சட்டப்படி இரண்டும் சரியாகவே இருக்கலாம். நடைமுறையில் இதன் பொருள்: அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று மரியாதையாகக் காத்திருந்தவரின் உரிமையும் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். போதாக்குறைக்கு, கட்டுமான ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி, செங்கல் செய்து விற்றவருக்குக் கூட்டுவட்டி உண்டு; அந்தச் செங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பியவருக்கு இல்லை.

இதுவரை ஒப்பந்ததாரரைப் பாதிக்கப்பட்டவராகவே பேசியாயிற்று. மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு அப்படியே முடித்துவிட முடியாது. இந்த ஊரின் நினைவில் ஒப்பந்ததாரருக்கு வேறொரு முகம் இருக்கிறது. கொச்சித் துறைமுகத்தில் ஒருகாலத்தில் சாப்பா முறை இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரரின் ஆள், உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மீது வீசுவார். அடிபிடியில் எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்று வேலை. வில்லை வீசுவதை நிறுத்து, தொழிற்சங்கத்தின் மூலம் வேலை கொடு என்று நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவர் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ திரைப்படம் இந்த வரலாற்றைத்தான் சொல்கிறது.

ஆகவே ஒப்பந்ததாரர் நடுப்படியில் நிற்பவர். மேலே ஏமாற்றப்படுகிறார், கீழே அதையே இறக்கி வைக்கிறார். மேலிருந்து பணம் வராதபோது அவர் முதலில் நிறுத்துவது சிமெண்ட் கடைக்காரரை அல்ல, ஏனென்றால் கடைக்காரர் அடுத்த லோடு தரமாட்டார். வங்கியையும் அல்ல. சனிக்கிழமைக் கூலியைத்தான் பாதியாக்குகிறார். ‘மிச்சம் அடுத்த வாரம்’ என்கிறார். வளைகுடாப் பணத்தில் கேரளம் வீடு கட்டிய எழுபது, எண்பதுகளில் அந்தக் கூலிக்குக் காத்திருந்தவர்களில் பெரும்பங்கு நம் ஆட்கள். வெலிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியில் அவர்கள் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. பிறகு வங்காளமும் அஸ்ஸாமும் ஒடிசாவும் வந்தன. அரசு ஏடுகளில் அவர்களுக்கு அதிதித் தொழிலாளர் என்று பெயர், விருந்தாளிகள். விருந்தாளி மொழி தெரியாமல் யாரிடம் போய் பாக்கி கேட்பார்? வேடிக்கை என்னவென்றால், சுமை இறக்காமல் நின்று பார்த்ததற்கே கூலி கேட்கும் நோக்குகூலிப் பழக்கத்தை ஒழிக்க 2018 மே தினத்தில் ஆணை போட வேண்டியிருந்த மாநிலம் இது. சங்கம் உள்ளவர் பார்த்ததற்கே பெற்றார். இல்லாதவர் செய்ததற்கும் பெறவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தில் சரியான விஷயத்தைச் சொன்னது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கவில்லை என்றால், வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். பிடித்தம் என்ற கருவி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படும் இடம் இது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆனால் பழைய சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது; புதியதில் அந்த எண்ணிக்கை 50. கிட்டங்கிக்குள் சுவர் எழுப்பும் குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள்? பத்து, பதினைந்து.

நடுப்படியே இல்லாமல் போனால்? அந்தச் சோதனையும் கேரளத்தில் நடந்திருக்கிறது. பாலாரிவட்டத்தைத் திரும்பக் கட்டிய ஊராளுங்கல் சங்கம் 1925இல் வடகரை அருகே வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்திலிருந்து பிறந்தது. சாதிக் கொடுமைக்கு எதிராக நின்றதால் வேலை மறுக்கப்பட்டவர்கள் சேர்ந்து தாங்களே ஒப்பந்தம் எடுத்தார்கள். கூலிக்காரரே பங்குதாரர். அங்கே அரசு பில்லைத் தாமதித்தால், அந்தச் சுமையைக் கீழே இறக்கி வைக்க வேறொருவர் இல்லை. நூறு வருடம் நிலைத்துவிட்டது. ஆனால் அதைப்போல் இன்னொன்று ஏன் வளரவில்லை என்பது தனியாக எழுத வேண்டிய கட்டுரை.

மற்ற நாடுகள் வேறு வழியில் போயின. சிங்கப்பூரில் நம் தொழிலாளர்கள் ஏராளமாகக் கட்டட வேலை செய்கிறார்கள். அங்கே 2005 ஏப்ரலில் கட்டுமானப் பணப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ‘மேலேயிருந்து எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்’ என்ற நிபந்தனை செல்லாது. தகராறு என்றால் ஒரு நடுவர் சில வாரங்களில் முடிவு சொல்வார். முதலில் பணத்தைக் கொடு, பிறகு நீதிமன்றத்தில் வாதாடு என்பதே அதன் சாரம். மலேசியாவிலும் 2014 முதல் இப்படி ஒரு சட்டம் உண்டு. இங்கிலாந்தில் 2018 ஜனவரியில் கரிலியன் என்ற மாபெரும் கட்டுமான நிறுவனம் சரிந்தபோது, அதன் கையிலிருந்த துணை ஒப்பந்ததாரர்களின் பிடித்தத் தொகையும் சேர்ந்து மூழ்கியது. பிணைத்தொகை என்று பிடித்த பணத்தை நிறுவனம் தன் நடப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ளத் தடை இல்லாததன் விளைவு. நியூசிலாந்தில் 2013இல் மெயின்சீல் நிறுவனம் வீழ்ந்த அனுபவத்துக்குப் பிறகு, பிடித்த தொகையை நம்பிக்கைச் சொத்தாக வைக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 2023இல் தனி வங்கிக் கணக்கும் கட்டாயமானது. பிடித்துக்கொள்ளலாம், தொடக் கூடாது.

இந்த யோசனைக்கு நியூசிலாந்துவரை போயிருக்க வேண்டியதில்லை. பஜார் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், யூதத் தெருவில், இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957 முதல் அங்கே மிளகு முன்பேர வணிகம் நடந்தது. சிறிய அறை, வரிசையாகத் தொலைபேசிகள், காதைப் பிளக்கும் ஏலக்கூச்சல். இன்னும் காய்க்காத மிளகை ஒருவர் விற்பார், இன்னொருவர் வாங்குவார். மாதக்கணக்கில் கழித்து விலை எங்கே நிற்கும் என்று இருவருக்கும் தெரியாது. ஏமாற்ற இதைவிட வாகான இடம் வேறில்லை. ஆனால் முன்பேர வணிகத்தின் விதிப்படி காப்புத்தொகையை விற்றவரும் வைக்க வேண்டும், வாங்கியவரும் வைக்க வேண்டும். அது எதிராளியின் கையில் இருக்காது. நடுவிலுள்ள தீர்வகத்திடம் இருக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தை அவ்வப்போதே தீர்த்துவிட வேண்டும், கடைசி நாளுக்கென்று மலையாகச் சேர விடமாட்டார்கள். மின்னணுச் சந்தைகள் வந்து அந்தக் கூச்சல் அடங்கிவிட்டது. மிளகுக்கு விலைபேசிய அதே மட்டாஞ்சேரியின் கிட்டங்கிகளில்தான் இப்போது பிளைவுட் சுவர்கள் எழும்பி இறங்குகின்றன.